அப்பாவின் மார்பில் போட்ட வட்டங்கள்

அன்புள்ள பெரியவனுக்கு,

சித்தி எழுதிக்கொள்வது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேலைக்குப் போய்வந்து, நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, உன் தங்கை குட்டிக்குப் பல் விழுந்த கதைக்குப் போய்விடுவது என் வழக்கம். இந்தத் தடவை அந்த வரியை எழுதக் கை வரவில்லை. அப்பா வீட்டில்தான் இருக்கிறார். இந்த நிமிடம் பக்கத்து அறையில் ரேடியோவைத் திருகிக்கொண்டு, எதுவும் சரியாகக் கேட்கவில்லை என்று அதோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். அதை முதலில் தெரிந்துகொள், மீதியைப் பதறாமல் படி.

போன வாரம் உன் அத்தை போனில், அப்பாவுக்கு வாய்வுப் பிடிப்பு, ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னார் அல்லவா, அது வாய்வு இல்லை, மாரடைப்பு. நீ தனியாக இருக்கிறாய், கேட்டுவிட்டு அங்கே யாரிடம் போய் உட்காருவாய் என்றுதான் அப்படிச் சொன்னார், அதற்காக அவரைக் கோபித்துக்கொள்ளாதே. எனக்குப் போனில் 'சாப்பிட்டியா' என்பதற்கு மேல் பேச வராது என்பது உனக்குத் தெரியும். எழுதினால் ஒழுங்காகச் சொல்லிவிடுவேன் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று காலையில் பட்டறையில் ஒரு பெரிய கேட்டுக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருந்தாராம். தாடை வலிக்கிறது என்று வெல்டிங் கண்ணாடியைக் கழற்றி வைத்திருக்கிறார், பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இரும்புக் குழாய் அடுக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பட்டறையில் வேலை செய்கிற தாடிக்காரர், சாமான் ஏற்றுகிற வண்டியிலேயே அவரைப் படுக்கவைத்து நம் தெருவுக்குப் பின்னால் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டு எங்களுக்குச் சொல்லி அனுப்பினார். நானும் அத்தையும் போனபோது சட்டையைக் கழற்றிவிட்டு, மார்பில் அங்கங்கே முடியை மழித்து, ரப்பர் குமிழ்களைப் பொருத்தி ஈசிஜி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தை வழக்கம்போல என்னை முன்னால் தள்ளி, "இவ பட்டம் வாங்கினவ, எதுவா இருந்தாலும் இவகிட்ட சொல்லுங்க" என்றார். நான் படித்தது வரலாறு. அந்த லேடி டாக்டர் அதையெல்லாம் கேட்கவில்லை, படத்தை என் கையில் கொடுத்துப் பொறுமையாகச் சொன்னார். ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு கோடு கீழே தரைக்கு வந்துவிட வேண்டுமாம், அப்பாவுக்கு மேட்டிலேயே நிற்கிறதாம், இதயத்தின் முன்பக்கத்துக்குப் போகிற ரத்தக் குழாயில் கட்டி அடைத்திருக்கிறது என்று அர்த்தமாம். அதைக் கரைக்கிற மருந்து ஏற்றப்போகிறோம், ஒன்றரை மணி நேரம் கழித்து இன்னொரு படம் எடுப்போம், அந்த மேடு பாதிக்கு மேல் இறங்கியிருந்தால் ரத்தம் ஓட ஆரம்பித்துவிட்டது, பயமில்லை, இறங்கவில்லை என்றால் இங்கே வைத்திருக்க முடியாது, குழாய் விட்டு அடைப்பை எடுக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போகவேண்டும் என்றார். அப்பாவின் உயிர் அந்த இரண்டாவது படத்தில் இருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

குமிழ்களை எடுத்தபின் நர்ஸ் பேனாவால் அவை இருந்த இடங்களில் ஆறு வட்டம் போட்டார். அடுத்த படமும் அதே இடத்தில் வைத்து எடுத்தால்தான் இரண்டையும் ஒப்பிட முடியும் என்று சொல்லிக்கொண்டே போட்டார். முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று நான் அப்பாவின் மார்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெல்டிங் பொறி தெறித்த நீளமான தழும்பு ஒன்று அங்கே இருக்கிறதே, படம் எடுக்கும்போதே அதன் மேல் மூன்றாவது குமிழ் ஒட்டாமல் ஒட்டாமல் விழுந்தது, நர்ஸ் அதைத் தழும்புக்குக் கீழ் ஓரமாக இறக்கி வைத்திருந்தார். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்தது, வலிக்குத் தனியாக ஒரு ஊசியும் போட்டார்கள். இந்த மருந்தால் எங்காவது ரத்தம் கசிகிறதா பாருங்கள், பல்கூடத் தேய்க்க வேண்டாம் என்றார்கள், அதனால் அத்தை நிமிடத்துக்கு ஒரு தடவை அப்பாவின் வாயைத் திறக்கச் சொல்லி மாட்டுக்குப் பல் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தேன். அந்த நேரத்தில்தான் அது நடந்தது. பட்டறைக்காரர்கள் பார்க்க வருகிறார்கள் என்று யாரோ சொல்ல, அத்தை பையிலிருந்து துண்டை எடுத்துச் சோப்பில் நனைத்து அப்பாவின் கரியையும் வியர்வையையும் துடைத்திருக்கிறார், கழுத்தில் ஆரம்பித்து வயிறு வரைக்கும். நான் வந்தபோது மார்பு பளிச்சென்று இருந்தது. "பாரு, இப்பதான் மனுஷன் மாதிரி இருக்கான், அதுவரைக்கும் புள்ளைங்க கிறுக்கின சுவராட்டம் கிடந்தான்" என்றார். அத்தையின் சுத்தம் உனக்குத் தெரியாதா, நீ பள்ளிக்கூடம் போகும்போது காதுக்குப் பின்னால் தேய்த்துத் தேய்த்துத் தோலே சிவந்துபோகும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஆறு வட்டமும் போயிருந்தது. ஆனால் வட்டம் போட்ட அதே நர்ஸ்தானே வருவார், அவருக்கு இடம் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் வரவில்லை, டியூட்டி மாறி வேறு நர்ஸ் வந்தார். அவர் தன் கணக்குக்குக் குமிழ்களை வைத்துப் படம் எடுத்தார். கோடு நன்றாக இறங்கியிருந்தது. அப்பாவுக்கு வலியும் இல்லை. அத்தை மேலே பார்த்துக் கும்பிட்டார், தாடிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டர் மட்டும் இரண்டு படத்தையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். கோடு இறங்கியது சரி, ஆனால் துடிப்பின் உருவமே மாறியிருக்கிறது, இது வேறு ஆள் படம் போல இருக்கிறது, குமிழ் அதே இடத்தில்தான் இருந்ததா என்று கேட்டார். வட்டமே இல்லை மேடம் என்றார் நர்ஸ். காலையில் இருந்தவர் வட்டம் போடாமலா போனார், எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று டாக்டருக்குக் கோபம் வந்தது, அவரைப் போனில் கூப்பிடச் சொன்னார். அத்தையின் முகத்தில் ரத்தமே இல்லை. நான் சுவரோடு சுவராக நின்றவள், எப்படி வாய் திறந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. "அவங்க போட்டாங்க மேடம், நாங்கதான் துடைச்சிட்டோம்" என்றேன். இடம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். மூன்றாவது இந்தத் தழும்புக்குக் கீழே, நான்காவது குமிழ் இந்த மச்சத்திலிருந்து ஒரு விரல் தள்ளி என்று விரல் வைத்துக் காட்டினேன், மற்ற இடங்களை அதைக்கொண்டு அவரே கணக்கிட்டு வைத்தார். நர்ஸ் வைத்தது எல்லாமே ஒரு விலா எலும்பு மேலே போயிருந்திருக்கிறது. மூன்றாவது படத்தில் மேடு கொஞ்சம்தான் கரைந்திருந்தது, பாதிகூட இல்லை. மருந்து வேலை செய்யவில்லை.

இனி உன் அப்பாவைக் கிளப்ப வேண்டுமே. வலி இல்லாதபோது எதற்கு இன்னொரு ஆஸ்பத்திரி, கேட்டை யார் முடிப்பார்கள் என்று கேட்டார். வலி இல்லாதது ஊசியால், அடைப்பு திறந்ததால் இல்லை என்று டாக்டர் சொன்னார். "மூணு படம் எடுத்தீங்கள்ல, ரெண்டாவதுலதான் நான் அழகா இருக்கேன், அதையே வச்சுக்குங்க" என்று அப்பா சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை. அத்தை கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று, "அதுல அழகா இருக்கிறது நீ இல்லடா. நான் துடைச்ச துடைப்பு. வண்டில ஏறு" என்றார். சத்தமே போடவில்லை. அப்பா ஒரு நிமிடம் அக்காவைப் பார்த்தார், பிறகு செருப்பு எங்கே என்று கேட்டார். நடக்கவெல்லாம் விடவில்லை, தூக்கித்தான் கொண்டுபோனோம்.

பெரிய ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கட்டி கரையாமல் அப்படியே உட்கார்ந்திருந்ததாம். அதை எடுத்துவிட்டு, குழாய் திறந்தே நிற்க ஒரு சின்னக் கம்பிவலைச் சுருளை உள்ளே விரித்து வைத்தார்கள். வெல்டிங் இல்லாமல் அது எப்படி நிற்கிறது என்று அப்பா அந்த டாக்டரிடமே கேட்டாராம், டாக்டர் சிரித்துக்கொண்டே வந்து என்னிடம் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. அன்று சாயங்காலம் எடுத்த படத்தில் மேடு இறங்கிவிட்டது, அது நிஜமான இறக்கம், புதிதாகப் போட்டிருந்த வட்டங்கள் அழியாமல் நானே பார்த்துக்கொண்டேன்.

ஆனால் ரத்தம் இல்லாமல் இருந்த நேரத்தில் முன்பக்கத் தசை கொஞ்சம் பழுதாகிவிட்டது, இதயம் முழு பலத்தோடு அடிக்கவில்லை. அடுத்த மாதம் ஸ்கேன் எடுத்துப் பார்த்துத்தான் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று சொல்வார்களாம். சில பேருக்குத் திரும்பும், சில பேருக்கு இவ்வளவுதான் என்று ஒளிக்காமல் சொன்னார்கள். அதனால் மாடி ஏறுவது இல்லை, இரும்பு தூக்குவது இல்லை, உப்பைக் குறைத்த சாப்பாடு. பட்டறையைத் தாடிக்காரர் பார்த்துக்கொள்கிறார். தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தாலே நாற்காலி தேடுகிறார், எங்களிடம் செருப்பு கடிக்கிறது என்று சொல்கிறார்.

அத்தை சமைத்துத் தருவதோடு சரி, அப்பாவின் அறைக்குள் வருவதில்லை, தட்டை வாசலில் குட்டியிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். நேற்று அப்பா என்னைக் கூப்பிட்டு, வட்டம் எதற்கென்று நர்ஸ் சொன்னது தனக்கும் கேட்டது, அக்கா துடைக்கும்போது முழித்துக்கொண்டுதான் இருந்ததாகச் சொன்னார். பிறகு ஏன் தடுக்கவில்லை என்று கேட்டேன். "குளுகுளுன்னு இருந்துச்சு, அக்கா கை. வேணாம்னு சொல்லத் தோணல" என்றார். போய் அத்தையிடம் சொன்னேன். "அவனுக்குச் சின்ன வயசுலேருந்தே புத்தி கிடையாது" என்றார், சொல்லிவிட்டுக் குழம்பை அடிப்பிடிக்க விட்டுவிட்டார். அத்தை சமையல் தீய்ந்து நான் பார்த்ததே இல்லை.

நீயும் ஒரு நாள் போய் ரத்த அழுத்தமும் கொழுப்பும் பார்த்துக்கொள், அப்பாவுக்கு வந்திருப்பதால் பிள்ளைகளும் பார்க்கவேண்டும் என்றார்கள். சிகரெட் பிடிப்பதில்லை என்று நீ சொன்னதை நம்புகிறேன், பிடித்தால் விட்டுவிடு, நான் கேட்கமாட்டேன்.

வரட்டுமா என்று நீ கேட்டால், வேண்டாம், வேலையைப் பார் என்று அப்பா சொல்வார். அத்தை, ஒன்றுமில்லை, வாய்வு என்பார். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது நீ மீசை முளைத்த பிள்ளை, எனக்கும் உனக்கும் பெரிய வயசு வித்தியாசம் இல்லை, உன்னை இதைச் செய், அதைச் செய் என்று சொல்ல எனக்கு எப்போதும் கூச்சம். இதைச் சொல்லச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானாகத்தான் சொல்கிறேன். ஸ்கேன் எடுப்பதற்கு முன்னால் வந்துவிடு. நன்றாக இருந்தால் எல்லோரும் சேர்ந்து சிரிப்போம். இல்லாவிட்டாலும் நீ இங்கே இருக்கவேண்டும்.

குட்டி தன் முத்தத்தையும் எழுதச் சொன்னாள். தீர்க்காயுசாக, குறையில்லாமல் இருப்பாயாக. வருகிற நாளைப் போனில் என்னிடமே சொல், இந்தத் தடவை நான் எடுத்துப் பேசுவேன்.

அன்புடன்,
உன் சித்தி