மாவுப்பால் புளிக்காதிருக்க நீ போட்ட கம்பி

என் தங்கமான அண்ணா,

வாயாடி என்று என்னைத் திட்டுவாயே, அந்த வாயாடிக்கு இன்று உன்னிடம் எப்படிப் பேச்செடுப்பது என்று தெரியவில்லை. நாங்கள் இருக்கிறோம், அவ்வளவுதான். அம்மா இப்போது எந்த சுவிட்சையும் தொடுவதில்லை. ராசிபுரத்தில் வேலை முடிந்து நான் வரும்வரை விளக்கில்லாமலே உட்கார்ந்திருக்கிறாள்.

நீ போன பிறகு முதல்முறையாக ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ மில்லுக்கு கன்ட்ரோல் பேனல் செய்கிறேன், நாமகிரிப்பேட்டையில். அதற்கு இன்று ஆப்டோகப்ளர் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. நகக்கண் அளவுப் பொருள். உள்ளே ஒரு பக்கம் குட்டி விளக்கு எரியும், மறுபக்கம் அந்த வெளிச்சத்தை உணர்ந்து மோட்டாரை ஓட்டும். நடுவே வெளிச்சம் மட்டுமே கடக்கும், கரண்ட் கடக்காது. இதை உனக்குச் சொல்கிறேன் பார், நீதானே எத்தனை மாற்றியிருப்பாய்!

மில்காரர் போனில், "ஏனுங்க அம்மிணி, எல்லாம் ஒண்ணுதானுங்க. கிடைக்கறதப் போட்டு உடுங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாவம், அவருக்கு என்ன தெரியும்?

போன மரவள்ளிக்கிழங்கு சீசனில் நீ வேலை பார்த்த மில்லில் ஆப்டோகப்ளர் சூட்டில் கெட்டுப்போனது. கையில் வேறு இல்லை. தொட்டி நிறையக் கிழங்கு அரைத்த மாவுப்பால், மோட்டார் நின்றால் புளித்துவிடும். ஆப்டோகப்ளரைக் கழற்றிவிட்டு, தொட்டியில் மிதந்து மோட்டாரை ஓட்டி நிறுத்தும் சுவிட்சின் கம்பியை நேராக மெயின் கரண்டில் சேர்த்தாய். "சாயங்காலம் மாத்திக்கறேனுங்க" என்று மேஸ்திரியிடம் சொன்னாயாம். சாப்பிட்டு வந்து, வழக்கம்போல ஈரக்கையோடு அந்த மிதவையைப் பிடித்துத் தூக்கினாய். எப்போதும் சின்ன வோல்ட்தானே அதில் இருக்கும். உன் கைக்கு அதுதான் பழக்கம்.

நீ போட்ட கம்பியை நீயே எப்படி அண்ணா மறந்தாய்? உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம். கோபப்பட நீ இருந்தால் போதும் என்றும் இருக்கிறது.

"மாவு புளிச்சா புளிச்சுட்டுப் போவுது சாமி. எம்பையன் ஊட்டுக்கு வந்திருப்பானே" என்கிறாள் அம்மா.

இன்று ஆப்டோகப்ளரை எடுக்கும்போது எத்தனை வோல்ட் தாங்கும் என்று பார்த்தேன். மாவுத்தூசியும் ஈரமும் படிந்தாலும் கரண்ட் தாவாதபடி இரு பக்கக் கால்களும் நன்றாகத் தள்ளியிருக்கிறதா என்று பார்த்தேன். கொதிக்கும் பெட்டிக்குள் விளக்கு சீக்கிரம் மங்குமா என்றும் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்த ஒன்றையும் ஒதுக்கிவிட்டேன், அதை ஈயத்தால் பற்றவைக்க வேண்டும் என்பதால். கையால் பிடுங்கிச் செருகும் வகையை எடுத்தேன். பேனல் கதவின் உட்புறம் மாற்று ஒன்றையும் மாட்டி வைக்கப்போகிறேன்.

என் கையால் போகும் எல்லாப் பெட்டியிலும் அது இருக்கும் அண்ணா, இது சத்தியம். மாவுப்பால் புளிக்குமே என்று பதறி ஓடிவருகிறவன் கைக்கு, கம்பிக்கு முன்னால் அதுதான் கிடைக்கும்.

உனக்குக் கிடைக்காமல் போனதை நினைத்து அழும்
உன் தங்கச்சி,
செல்வி