காளைக்குக் கைதட்டிய மாமிக்கு

என்னை ஒருநாளும் பெயர் சொல்லாமல் ‘பிள்ளை’ என்றே கூப்பிட்ட என் அன்பு மாமிக்கு,

வருகிற ஞாயிறு நீங்கள் கண்மூடிய முப்பத்தோராம் நாள். அன்று உங்கள் நினைவாகச் சனத்துக்குக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகத்துக்குத் தேவாரமெல்லாம் எழுதியாயிற்று. அட்டையில் போட உங்கள் படம்தான் நேற்று வரைக்கும் முடிவாகவில்லை. உங்கள் மகனுக்கும் எனக்கும் அதில் ஒரு கிழமையாக இழுபறி. அவர் கையில் உங்கள் பாஸ்போட் படம், என் கையில் அந்த ரோடியோப் படம்.

நினைவிருக்கிறதா, மாமி? ஊரில் ஷெல்லடி தொடங்கியதும் பசுவை அயல்வீட்டில் கட்டிவிட்டு வந்தீர்கள். இந்த அந்நிய நாட்டுக்கு வந்தநாள் முதல் எங்கள் பாபடோயிட்டோய் வீட்டின் பின்னறையை விட்டு அசையவில்லை. கோழி கொத்துவதுபோல் ஒரு சாப்பாடு. “என்னைத் திருப்பி அனுப்புங்கோ” என்பதைத் தவிர வேறு கதை இல்லை. எங்கே அனுப்புவது? இப்படியே உங்களை இழந்துவிடுவோமோ என்று நாங்கள் இருவரும் பயந்துபோயிருந்தோம்.

அப்போதுதான் மெரே கேட்டாள். பக்கத்து மங்கரேயில் சரக்குக் கொட்டகையில் என்னோடு வேலை செய்த, இந்த மண்ணின் பூர்வகுடியான மாவோரிப் பெண். புதுவருசத்தன்று ஒரு சின்ன ஊரில் ரோடியோ என்று துள்ளுகிற காளையில் ஏறி விழாமல் இருக்கும் போட்டி, அவளுடைய தம்பி முதல்முறையாகக் காளையில் ஏறப்போகிறான், நான்தான் படம் எடுத்துத்தர வேண்டும் என்றாள். கொட்டகையில் கமரா வைத்திருந்தவள் நான் ஒருத்திதானே.

உங்களைக் கிளப்ப உங்கள் மகன் சொன்னது இதுதான்: “மாட்டுக்கு விழா எடுக்கினம் அம்மா, வாங்கோ.”

“தை பிறக்க முந்தியே பட்டிப்பொங்கலோ?” என்று கேட்டீர்கள். பிறகு நீங்களே, “வெள்ளைக்காரன்ரை பஞ்சாங்கம் வேறையாக்கும்” என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, விடியவே எழும்பி மாட்டுக்குப் படைக்கச் சர்க்கரைப் புக்கை பொங்கினீர்கள். மாட்டின் நெற்றிக்கு வைக்கச் சந்தனமும் குழைத்தீர்கள். நீங்கள் அடுப்படிக்கு வந்ததே பெரிய காரியம் என்று நாங்கள் இருவரும் உங்களைத் திருத்தவில்லை.

அந்த ஊரே வீதியில் நின்றது. சோடித்த டிராக்டர்களின் ஊர்வலம், பாண்ட் வாத்தியம், வெயிலில் சிவந்துபோன சனம். நீங்கள் வெள்ளைச் சேலையோடு, மடியில் புக்கைச் சட்டியோடு, மைதான வேலியோரம் கதிரையில் இருந்தீர்கள். முதல் ஆள் காளையில் ஏறியதும் உங்கள் முகம் கறுத்துவிட்டது.

“என்ன பிள்ளை இது? மாட்டுக்குப் படைக்காமல் அதின்ரை முதுகிலை ஏறுறாங்கள்?”

மெரேயின் தம்பியின் முறை வந்தது. தீபாவளிக்குப் போட்ட பிலிம் சுருளைப் பொங்கல் வரைக்கும் இழுக்கும் காலம் அது. ஒரு படத்தையும் வீணாக்கக் கூடாதென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் முழந்தாளிட்டேன். கதவு திறந்தது. காளை ஒரு சுற்றுச் சுற்றியது. அப்போது பக்கத்தில் ஒரு சத்தம்.

“அப்பிடித்தான்ரா ராசா! உதறு! உதறு!”

திரும்பினேன். அத்தனை சனமும் ஐயோ என்று நிற்க, நீங்கள் ஒருத்தி எழுந்து நின்று காளைக்குக் கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். எங்கள் வீட்டில் அதுவரை கேட்காத சிரிப்பு. கை தானாகக் கமராவை அமுக்கிவிட்டது. மறுபடி திரும்பியபோது அவன் புழுதியில் கிடந்தான்.

நொண்டிக்கொண்டு வந்து, படம் வந்ததா என்று கேட்டான். நான் குனிந்து கமராவை மூடினேன். நீங்கள்தான் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு போனீர்கள்.

“மாடு கிட்ட விடாது. மாட்டிட்டை விழுந்தவனுக்கு வைச்சாலும் அதுக்குச் சேரும்.”

என்ன விளங்கியதோ, தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்து நின்றான். புக்கையை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அவனோடு நீங்களும் வயிறாரச் சாப்பிட்டீர்கள். காரில் வரும்போது, “வாற வருசமும் வருவமோ?” என்று கேட்டீர்கள். உங்கள் மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு காரை ஓட்டினார்.

அன்று எதை நினைத்துச் சிரித்தீர்கள், மாமி? ஊரில் விட்டுவந்த பசுவையா? நான் கேட்கவே இல்லை. படத்தைப் பார்த்த மெரேயும் தம்பி எங்கே என்று கேட்கவில்லை, தனக்கும் ஒரு பிரதி வேண்டும் என்றாள். உங்கள் செத்தவீட்டுக்கு அவனும் வந்திருந்தான். சந்தனக் கிண்ணத்தைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினான்.

“கல்வெட்டிலை பல்லுத் தெரியிற படம் போட்டால் சனம் என்ன சொல்லும்?” என்பதுதான் உங்கள் மகனின் கவலை. நேற்று மத்தியானம் இரண்டு படங்களையும் மேசையில் வைத்துக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாஸ்போட் படத்தை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்து மூடினார்.

“இதிலை அம்மா விசாவுக்குக் காத்துக்கொண்டிருக்கிறா. மற்றதிலைதான் வந்து சேர்ந்திருக்கிறா.”

சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன்.

வருகிற புதுவருசத்துக்கும் புக்கையோடு அந்த வேலியோரம் நிற்பேன், மாமி. யார் ஏறினாலும் காளைக்குத்தான் கைதட்டுவேன்.

ஊருக்கு மருமகள்,
உங்களுக்கு என்றும் பிள்ளை.