நாமம் போடாத யானை

என்னங்க,

இன்றைக்குச் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் அரை நாள்தான். ஐயம்பேட்டையில் பஸ் ஏறினால் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வந்தேன். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண் ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டு வருகிறவள். அரக்கு நிறப் பட்டுப்புடவை, உடம்பெல்லாம் மானும் மயிலும் யானையுமாக வனசிங்காரம். நின்றபடியே கண்ணை மூடப் போன நான், அவள் முந்தானை யானையைப் பார்த்ததும் விழித்துக்கொண்டேன். அதன் நெற்றியில் நாமம் இருந்தது.

"இன்னா டீச்சர், பொடவையையே பார்த்துக்கினு வரீங்க?" என்றாள். என்னைத் தெரிந்தவள் போலிருக்கிறது.

"எங்க எடுத்ததும்மா இது?"

"எங்க மாமியாருதுங்க. பத்துப் பன்னண்டு வருசம் இருக்கும்."

"யானை நெத்தியில நாமம் இருக்குது பாரு."

முந்தானையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். "ஆமாங்க. நான் தும்பிக்கை சுருக்கம்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அதைப் போட்டவர் என் வீட்டுக்காரர் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் கதை முழுக்கச் சொல்ல வேண்டும், எனக்குத் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்து கைகால்கூடக் கழுவாமல் உங்கள் தகரப் பெட்டியைத் திறந்தேன். நீங்கள் போன இந்த ஆறு வருஷத்தில் நான் தொடாத பெட்டி. டிசைன் போடும் கிராப் தாள் சுருள்களுக்கு அடியில் அந்தச் சரணாலயப் புத்தகம் கிடந்தது. அதற்குள் இருந்ததைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். என்ன இருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். நீங்கள் இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டியது.

அந்த நாமம் நினைவிருக்கிறதா? பட்டுக் கடைக்கு வனசிங்காரம் போட்டுக் கொடுத்தீர்கள். கட்டம் போட்ட தாளில் பென்சிலால் ஒவ்வொரு கட்டமாக நிரப்பி, மான் கொம்பு, மயில் தோகை, யானை என்று இருபது நாள் வேலை. அட்டையில் ஓட்டை அடித்து, தறியில் ஏற்றி, நாலு புடவை இறங்கிய பிறகுதான் முதலாளி கண்ணில் பட்டது. "காட்டு யானைக்கு யார்ப்பா போய் நாமம் போட்டது? வடகலையா, தென்கலையா?" என்று கேட்டாராம். கடையே சிரித்ததாம். அதற்கப்புறம் உங்களுக்கு அங்கே 'நாமக்காரர்' என்றே பெயர் விழுந்துவிட்டது. அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னீர்கள்: "நான் பார்த்த யானை அத்தனையும் நாமத்தோடதான்மா இருந்துது. நெத்தின்னா நாமம்னு கை தானா போட்டுடுச்சி."

நானும் சிரித்தேன். உங்கள் முகத்தைப் பார்த்த பிறகு நிறுத்தினேன்.

பெருமாள் கோயில் தெருவில் பிறந்து வளர்ந்த மனுஷனுக்கு வேறு எந்த யானையைத் தெரியும்? அன்று பிடித்த ஆசைதான். ஒரே ஒரு தடவை, காட்டில், நாமம் போடாத ஒரு யானையைப் பார்த்துவிட வேண்டும். மெட்ராசில் மிருகக்காட்சி சாலை இருக்கிறதே, காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடலாமே என்றேன். "அதுக்குக் கால்ல சங்கிலி இருக்குது. கட்டிப்போட்டதைப் பார்த்துத்தானே இத்தினி நாளா போட்டுக்கினு இருக்கேன்" என்றீர்கள். பறவையையாவது பார்க்கலாம், வேடந்தாங்கல் பக்கம்தானே என்றேன். "ஆடியில அங்க குச்சிதான் இருக்கும், குருவி இருக்காது."

அந்த ஆடிதான் நமக்கு எமன். கல்யாணம் இல்லாத ஆடியில்தான் கடையில் உங்களுக்குப் பத்து நாள் விடுவார்கள். எனக்கோ சித்திரை வைகாசியில்தான் பள்ளிக்கூட லீவு, அப்போது ஊர் முழுக்க முகூர்த்தப் புடவைக்குப் பறக்கும், நீங்கள் தலை நிமிர முடியாது. உங்கள் லீவும் என் லீவும் ஒரு வருஷம்கூடச் சந்தித்ததில்லை. ஆனாலும் நீங்கள் விடவில்லை. கார்டு போட்டுப் போட்டு அந்தப் புத்தகத்தை வரவழைத்தீர்கள். இங்கிலீஷில் இருந்தது. நீங்கள் ஐந்தாவதோடு நின்றவர், நான்தான் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு தமிழில் சொல்வேன். முதுமலை, பந்திப்பூர், தேக்கடி. எத்தனை சாயங்காலம் அந்த மூன்று இடத்துக்கும் போய்ப் போய் வந்தோம்.

"மழைக்காலத்தில் அட்டை அதிகம்" என்று ஒரு நாள் படித்தேன். நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள்.

"காட்டுல எதுக்குமா அட்டை? அங்க யார் தறி போட்டுக்கினு இருக்காங்க?"

ஓட்டை அடித்த தறி அட்டை இல்லை, ரத்தம் குடிக்கிற அட்டை என்று சொன்னதும், எப்போதாவது சிரிக்கிற நீங்கள் அன்றைக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். சிரித்து முடித்ததும் மூச்சிழுப்பு வந்துவிட்டது. முதுகைத் தேய்த்துவிட்டேன்.

தேக்கடியில் படகில் உட்கார்ந்தே பார்க்கலாம், அலைய வேண்டாம் என்பது என் கட்சி. "தண்ணிக்கு அந்தாண்ட அது, இந்தாண்ட நாம. திருவிழாவுல கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு பார்க்கிற மாதிரி இல்ல?" என்று அதைத் தள்ளிவிட்டீர்கள். ஊட்டி வரை பஸ், அங்கிருந்து கூடலூர், அப்படியே முதுமலை என்பது உங்கள் கட்சி. பந்திப்பூரைப் பிடித்துக்கொண்டது அத்தை. காடு மேடு என்றால் விடமாட்டேன் என்று முதலில் குதித்தவர், பந்திப்பூருக்குப் பக்கத்து மலையில் கோபாலசாமி கோயில் இருக்கிறது, அங்கே வேண்டிக்கொண்டால் பிள்ளை பிறக்கும் என்று யாரோ சொல்லிவிட, அன்றிலிருந்து "போனா அங்கதான் போவணும்" என்று ஒரே பிடி.

எழுபத்திரண்டு ஆடியில்தான் எல்லாம் கூடி வந்தது. தலைமை ஆசிரியையிடம் கெஞ்சிப் பத்து நாள் லீவு வாங்கியிருந்தேன். எங்கே என்பதுதான் முடிவாகவில்லை. நீங்கள் முதுமலை, அத்தை பந்திப்பூர். தாயும் மகனும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் அத்தைதான் சொன்னார்: "பூக்கட்டிப் பார்த்துடலாம். பெருமாள் சொல்லட்டும்." முதுமலைக்கு முல்லை, பந்திப்பூருக்குச் செவ்வரளி, தேக்கடிக்குச் சாமந்தி. "வேணாம்னு ஒண்ணு வெக்கணும். சாமி வேணாம்னு சொல்றதுக்கும் வழி உடணும் இல்ல" என்று நாலாவதாகத் துளசியைச் சேர்த்தார். பொட்டலம் கட்டும் வேலை என் தலையில் விழுந்தது.

அடுப்படியில் வாழை இலை நறுக்கை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என்னென்ன செய்ய வேண்டியிருக்கும் என்று யோசித்தேன். அத்தையின் மடித் துணி தனி, மருந்து தனி. இரண்டு நாளுக்குப் புளிசாதம். நாலு பஸ், நிற்க வேண்டும். உங்களுக்கு மழையில் இழுப்பு வந்தால் வெந்நீருக்கு எங்கே போவது? அதையெல்லாம்கூடச் சமாளித்திருப்பேன். மலை ஏறி, இன்னொரு சந்நிதியில், இன்னொரு தடவை மடியை ஏந்தி நிற்க வேண்டும். அதுதான் முடியவில்லை. பன்னிரண்டு வருஷமாக எத்தனை சந்நிதி, எத்தனை மரத்தில் எத்தனை தொட்டில்? கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்துவிட்டது. நாலு பொட்டலத்திலும் துளசியையே வைத்துக் கட்டினேன்.

உங்கள் இழுப்புக்காகத்தான் செய்தேன் என்று பிறகு எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அலுப்பு, அவ்வளவுதான். பத்து நாள் எங்கேயும் போகாமல் படுத்துக் கிடக்க வேண்டும் போலிருந்தது.

அத்தை கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். பிரித்தார். துளசி. "வேணாங்கிறார் பெருமாள்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நீங்கள் அந்தத் துளசியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். மிச்ச மூன்றையும் பிரிக்காமல் குளத்தில் விட வேண்டும் என்பது முறை. நான் கை நீட்டுவதற்குள் நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். "நானே போட்டுட்டு வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். வாசல்வரை பின்னாலேயே வந்தேன்.

திரும்பி வந்தபோது உங்கள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கால் கழுவிவிட்டு அடுப்படி வாசலில் வந்து நின்றீர்கள்.

"ரொம்ப அலுப்பா இருக்குதாமா?"

"இருக்காதா பின்னே" என்று வெடுக்கென்று சொன்னேன். நீங்கள் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை அத்தையை ஓரிக்கைக்குக் கூட்டிக்கொண்டு போய் உங்கள் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கப்புறம் அந்தப் பத்து நாளும் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்தது நீங்கள். காபி போட்டது நீங்கள், கழுநீர் மாதிரி இருக்கும், குடித்தேன். கிணற்றடியில் நான் ஒளித்துக் கொட்டியிருந்த முல்லையையும் அரளியையும் சாமந்தியையும் கூட்டி அள்ளியதும் நீங்கள்தான். நான் தூங்கினேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித் தூங்கியதில்லை. விடிந்து வெயில் காலில் படும் வரை தூங்கினேன், சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, வேலை இல்லாத பென்சில்களைச் சீவிக்கொண்டிருப்பீர்கள். ஊருக்குப் போக முடியாத கோபத்தில் பேசாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்து நானும் பேசவில்லை. ஒன்பதாம் நாளோ என்னவோ, வானத்தைப் பார்த்துச் சொன்னீர்கள்: "முதுமலையில இந்நேரம் மழை பேஞ்சிக்கினு இருக்கும்." எனக்குச் சுருக்கென்றது. "அடுத்த ஆடிக்குப் போகலாங்க" என்றேன்.

அடுத்த ஆடி வரை நீங்கள் இல்லை. பங்குனியில் இழுப்பு அதிகமாகி, ஆஸ்பத்திரியில் மூன்று நாள். மூன்றாம் நாள் விடியற்காலை போய்விட்டீர்கள். காரியம் முடிந்து அத்தை ஓரிக்கைக்கே போய்விட்டார். "அன்னிக்கே பெருமாள் வேணாம்னு சொன்னாரே, என்னமோ தெரிஞ்சுதான் சொல்லியிருக்கார்" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு தடவை அதைக் கேட்கும்போதும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

புத்தகத்தில் என்ன இருந்தது என்று இப்போது சொல்கிறேன். முதுமலைப் பக்கத்தில் ஒரு துளசிக் கொத்து. பந்திப்பூர்ப் பக்கத்தில் ஒன்று. தேக்கடிப் பக்கத்தில் ஒன்று. காய்ந்து கறுத்து, தாளில் ஒட்டிக்கொண்டிருந்தன. முகர்ந்து பார்த்தேன், வாசனை கொஞ்சம் மிச்சம் இருந்தது.

குளத்தங்கரையில் உட்கார்ந்து மூன்றையும் பிரித்துப் பார்த்திருக்கிறீர்கள். பார்த்துவிட்டு வந்துதான் அந்த ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அப்புறம் உங்கள் பத்து நாளையும் எனக்கே கொடுத்துவிட்டு, சாகும் வரை வாயைத் திறக்கவில்லை. எத்தனையோ வருஷம் பேசிப் பேசித் தேடிய இடத்தை விட்டுவிட்டு, என் பாய்க்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் உங்களுக்கு நாமம் போட்டுவிட்டேன் என்று இத்தனை வருஷமும் குறுகிக்கொண்டிருந்தேன். போட்டது நீங்கள்தான். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் அழுதுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, மழையோ அட்டையோ உங்களோடு கிளம்பியிருப்பேன். உங்கள்மேல் எனக்குக் கோபமாக வருகிறது.

மே மாதம் நல்ல காலம், மிருகங்கள் தண்ணீர் தேடி வரும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. மே மாதம் எனக்கு லீவு. முதுமலைக்குப் போகலாம் என்றிருக்கிறேன். பூவெல்லாம் கட்டவில்லை. தனியாகவா என்று ஓரிக்கையில் கேட்பார்கள், கேட்கட்டும். புத்தகத்தைத் துளசியோடு அப்படியே மூடிப் பள்ளிக்கூடப் பையில் வைத்துவிட்டேன். திங்கட்கிழமை முதல் அதையும் சுமந்துகொண்டுதான் பஸ்ஸில் நிற்க வேண்டும். யானையைப் பார்த்தால் முதலில் நெற்றியைத்தான் பார்ப்பேன்.

அன்றைக்கு நீங்கள் கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. ஆமாங்க, ரொம்ப அலுப்பாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு இருந்ததைவிட அதிகம். கேட்கத்தான் ஆளில்லை.