வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

அக்கா,

நேற்று ஆசாரி வந்து எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டுப் போனான். போன வாரம் நான் உள்ளே வழுக்கி விழுந்து, கதவை உடைத்துத்தான் என்னைத் தூக்க வேண்டியதாகிவிட்டது. அதனால் பேரன் செய்த ஏற்பாடு இது. இனிமேல் நான் உள்ளே போனால் வெளியே யாராவது ஒருவர் நிற்பார்களாம். கழற்றின தாழ்ப்பாள் ஜன்னல் கட்டையில் கிடக்கிறது. தரையில் ஊற்றின பினாயில் வாசனை கூடம்வரைக்கும் வருகிறது. இந்த இரண்டும் ஒன்றாய்ச் சேர்ந்தால் எனக்கு வேறு யார் ஞாபகம் வரும்?

ஞாபகம் வந்தது என்பதற்காகக் கோபம் ஆறிப்போச்சு என்று எண்ணிக்கொள்ளாதே. அது அப்படியே இருக்கிறது.

ஸ்ரீரங்கத்தில் கோயிலுக்குப் போகிற தெருவில், மதிலை ஒட்டி நாம் தரைக்கடை போட்டிருந்தோம். எனக்கு முன்னாலிருந்தே நீ அங்கே உட்கார்ந்திருந்தவள். உறையூரிலிருந்து இருட்டோடு கிளம்பி, காந்தி மார்க்கெட்டில் கத்தரியும் வெண்டையும் எடுத்து, முதல் பஸ்ஸில் கூடையை ஏற்றிப் பாலம் தாண்டி வருவாய். கண்டக்டரோடு சண்டை போடாமல் நீ இறங்கி நான் பார்த்ததில்லை. எனக்குக் கொள்ளிடக்கரைத் தோட்டத்துக் கீரை. தலையில் வைத்து நடந்தே வந்துவிடுவேன்.

உன் பக்கத்து இடம் என்னுடையது. சந்து முனை. அங்கே ஒரு புங்கமரம் இருந்தது. உச்சிவெயில் வரைக்கும் நிழல் நகராது. காவேரியில் குளித்துவிட்டு வருகிற மாமிகள் அந்த முனையில்தான் திரும்பியாக வேண்டும். ஈரப்புடவையோடு நின்று, "ஏண்டி, அந்த முளைக்கீரையை எடுத்துவை. நான் தொடமாட்டேன், நாட்டுப்பொண் வந்து எடுத்துப்பா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வெயில் ஏறுவதற்குள் என் கூடை காலியாகிவிடும். அந்தக் கூடையை நம்பித்தான் வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தன. அவர்கள் அப்பனை நம்பி இல்லை. அது உனக்கும் தெரியும்.

நம் வரிசைப் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்காதது. காலையில் வீட்டில் குடித்த காப்பித்தண்ணியோடு சரி. கடையைக் கட்டி வீடு போய்ச் சேரும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டோம். குடித்தால் போக வேண்டும், போக இடம் கிடையாது. ஆம்பிளைகள் சாக்கடை ஓரமாய்த் திரும்பி நின்றுகொள்வார்கள். நாம் எங்கே திரும்புவது? உனக்கு நீர்க்கடுப்பு வந்து, உட்கார முடியாமல் கூடையைப் பிடித்துக்கொண்டு எழுந்து எழுந்து நிற்பாய். கேட்டால், "இடுப்பு வலிடி" என்பாய்.

அந்தச் சமயத்தில்தான் புது கவுன்சிலர் வந்தார். ஜவுளிக்கடைக்காரர், வெள்ளை வேட்டி. அதற்கு முந்தின வாரம் முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து தெருவை மறிக்கிறோம் என்று கூடைகளைக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அதனால் இவரைப் பார்த்ததும் எல்லோரும் கூடையைக் கையில் பிடித்துக்கொண்டோம்.

"வெரட்ட வரலைங்க. உங்களுக்கெல்லாம் என்ன வேணும்னு கேட்டுட்டுப் போக வந்திருக்கேன். சொல்லுங்க" என்றார்.

அப்படி ஒருவர் வந்து கேட்டது அதுதான் முதல் தடவை. தேங்காய்க்காரர் விளக்கு கேட்டார். மழைக்கு மேலே தகரம் வேண்டும் என்றார் ஒருத்தர். கூடையைக் கவிழ்க்கக் கூடாது என்று நான் கேட்டேன். எல்லாம் முடிந்து அவர் கிளம்பும்போது நீ எழுந்து நின்றாய்.

"ஒண்ணுக்குப் போக ஒரு எடம் வேணுங்க. பொம்பளைங்களுக்கு."

தேங்காய்க்காரர்தான் முதலில் சிரித்தார். "ஏம்மா, பெரிய மனுசன் வந்து நிக்கிறாரு. கேக்குறதப் பாரு."

"ஏன்யா, பெரிய மனுசன் போகவே மாட்டாரா?" என்றாய்.

நான் உன் சேலையைப் பிடித்து இழுத்தேன். "யக்கா, உக்காரு. மானம் போவுது."

"மானம் போனா போவட்டும்டி. எனக்கு உசுரு போவுது."

கவுன்சிலருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. ஆனாலும் தலையை ஆட்டிவிட்டுத்தான் போனார். அந்த மனுஷரை நான் முழுசாய்க் குறை சொல்ல மாட்டேன். விளக்கு வரவில்லை, தகரம் வரவில்லை, நீ கேட்டது மட்டும் வந்தது. எங்கே வந்தது என்பதுதான் விஷயம்.

ஒரு நாள் பியூன் சுண்ணாம்புச் சட்டியோடு வந்து என் சாக்கை ஒதுக்கச் சொன்னான். சந்துக்குள்ளே முனிசிபாலிட்டி புறம்போக்கு இருக்கிறதாம், அங்கே கட்டப் போகிறார்களாம், அதற்கு முனையை வழியாக விட வேண்டுமாம். நான் உட்கார்ந்திருந்த இடத்திலேயே கோடு போட்டான்.

"நான் எங்கய்யா போறது?"

"அந்தக் கடைசியில சைக்கிள் கடைக்குப் பக்கத்துல எடம் கெடக்கே. உங்களுக்குத்தானே கட்டுறாங்க, அப்புறம் என்னம்மா?"

அங்கே நிழல் என்று ஒன்று கிடையாது. காலையிலேயே வெயில் முகத்தில் அடிக்கும். கத்தரிக்காய் வெயிலைத் தாங்கும், கீரை தாங்குமா? தண்ணீர் தெளித்துத் தெளித்து என் கைதான் ஊறிப்போனது. மாமிகள் அவ்வளவு தூரம் நடந்து வரவும் மாட்டார்கள். பாதிக் கீரையை மாட்டுக்குப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போன நாட்கள் உண்டு. அன்றைக்கெல்லாம் பிள்ளைகளுக்குக் கஞ்சிதான்.

நீ என்னைத் தேடிக்கொண்டு வந்தாய். "எங்கிட்ட வாடி. என் சாக்குல பாதியில உக்காரு. கத்தரிக்கா பக்கத்துல கீரை இருந்தா ஆவாதா?"

அதுவரைக்கும் உன்னை 'நீ' என்றுதான் சொல்லுவேன், சொந்த அக்காளைச் சொல்வதுபோல. அன்றைக்கு முதல் தடவையாக மாற்றினேன். "நீங்க தாராளமா உக்காருங்க. எனக்கு வேணாங்க."

"நீங்களா? சரிங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாய். அதற்குப் பிறகு நமக்குள் பேச்சு இல்லை.

திறப்பு விழா உனக்கு ஞாபகம் இருக்கும். கக்கூஸுக்கு மாலை போட்டுக் கவுன்சிலர் தேங்காய் உடைத்தார். விளக்கு கேட்ட தேங்காய்க்காரருக்கு அன்று ஒரு தேங்காய் விற்றதுதான் மிச்சம். இரண்டு அறை, நல்ல கதவு, தண்ணீர்த் தொட்டி, தினமும் பினாயில் ஊற்றிக் கழுவ ஒரு அம்மாள். எல்லாம் சரி. தாழ்ப்பாளை மட்டும் கதவுக்கு வெளிப்பக்கம் வைத்திருந்தார்கள். உள்பக்கம் ஒன்றுமே இல்லை. கேட்டதற்குப் பியூன், "ராத்திரி பூட்டு போடணும்ல" என்றான். உள்ளே உட்காருகிறவளுக்கும் ஒரு தாழ்ப்பாள் வேண்டும் என்று கட்டினவர்கள் யாருக்கும் தோன்றவில்லை. மற்றப் பெண்கள் மகளையோ ஓரகத்தியையோ துணைக்குக் கூட்டிப்போனார்கள். எனக்கு யார் இருந்தார்கள்? ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவேன். நீயும் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும். கேட்டுக்கொண்டதில்லை.

ஒரு நாள் நான் சந்துக்குள் போனபோது ஓர் அறை வெளியே தாழ் போட்டிருந்தது. உள்ளே யாரோ கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். எவனோ விளையாட்டுக்குப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறான். "யாரு இருக்கீங்க, தொறங்களேன்" என்று குரல் வந்தது. உன் குரல்தான். தெரிந்துதான் திறந்தேன்.

வேர்த்து ஊற்றி வெளியே வந்தாய். என்னைப் பார்த்தாய். பேசாமல் நான் உள்ளே போனேன். நீ போய்விட்டிருப்பாய் என்று நினைத்தேன். பலகை இடுக்கு வழியாகப் பார்த்தால் உன் உறையூர்ச் சேலை தெரிந்தது. கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, சந்து வாயைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாய். எவன் வந்தாலும் உன்னைத் தாண்டித்தான் வர வேண்டும். நான் கதவைப் பிடித்திருந்த கையை எடுத்தேன்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. நான் கீரையை ஈரச்சாக்கால் மூடிவிட்டு எழுந்தால், தெருவின் அந்தப் பக்கத்தில் நீயும் எழுந்திருப்பாய். நீ எழுந்தால் நான். முன்னும் பின்னுமாய் நடந்து போவோம். நான் உள்ளே என்றால் நீ வெளியே, நீ உள்ளே என்றால் நான் வெளியே. பேச்சு மட்டும் கிடையாது. "ரெண்டு பேரும் மொகத்தப் பாத்துக்க மாட்டீங்க, இதுக்கு மட்டும் ஜோடி போட்டுக்கிட்டுப் போறீங்களே" என்று பினாயில் ஊற்றுகிற அம்மாள் கேலி செய்வாள். நீ அவளிடம், "வாய வச்சுக்கிட்டு சும்மா இரு, தொட்டியில தண்ணி இல்ல பாரு" என்பாய். நான் கேட்காததுபோல நிற்பேன். காலையில் தண்ணீர் குடித்துவிட்டு வர ஆரம்பித்தேன். இரண்டாவது தடவை போகவும் ஆள் இருக்கிறதே.

நீ கவுன்சிலரை விடவில்லை. அவர் தெருவில் தலை காட்டினால் போதும், உட்கார்ந்த இடத்திலிருந்தே கூவுவாய்: "ஐயா, தாழ்ப்பாள் என்னாச்சுங்க?"

"எழுதிப் போட்டிருக்கேம்மா. சாங்ஷன் ஆவணும்."

"உங்க வீட்டுல சாங்ஷன் வாங்கிக்கிட்டுத்தான் தாழ்ப்பாள் போடுறீங்களா?"

தெருவே சிரிக்கும். நான் மட்டும் கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பேன். பிறகு அவர் எதிர்ச்சாரியில் நடக்க ஆரம்பித்தார். உனக்குத் தாழ்ப்பாள் அக்கா என்று பெயர் வந்துவிட்டது. அந்தப் பேரோடேயே வருஷக்கணக்காகக் கேட்டாய். அடுத்த தேர்தல் வந்த பிறகுதான் ஓர் ஆள் வந்து உள்பக்கம் தாழ்ப்பாள் அடித்துவிட்டுப் போனான். புதுசு, பளபளவென்று இருந்தது.

அன்றைக்கு நான் எழுந்தேன். நீ எழவில்லை. எழ வேண்டிய அவசியம் இல்லையே. நான் தனியாய்ப் போனேன், தனியாய் வந்தேன். கேட்டு வாங்கினவள் நீதான், உன்னைச் சொல்லி என்ன? என் இடத்தை எடுத்ததும் நீ கேட்டது, துணையை எடுத்ததும் நீ கேட்டது.

அதற்குப் பிறகு உனக்குக் கால் வீக்கம் கண்டது. திருவெறும்பூர்ப் பக்கம் வேலைக்குப் போன மகன் உன்னைக் கூட்டிக்கொண்டு போவதாகத் தேங்காய்க்காரர் சொன்னார். கடைசி நாள் நீ கூடையை அவருக்கே கொடுத்துவிட்டு, மெல்ல நடந்து என் சாக்குக்கு முன்னால் வந்து நின்றாய்.

"ஒரு கட்டு அரக்கீரை குடுங்க" என்றாய்.

கொடுத்தேன்.

அதை முந்தானையில் சுற்றிக்கொண்டே கேட்டாய். "தாழ்ப்பாள் போட்டுக்கிறியாடி?"

"போட்டுக்கிறேங்க" என்றேன். போடுவதில்லை. புதுத் தாழ்ப்பாளை நான் ஒரு நாளும் தொட்டதில்லை. அங்கே தாழ் போடுகிற பழக்கமே எனக்கு இல்லாமல் போயிருந்தது.

நீ போன செய்தி எனக்குக் காரியம் எல்லாம் முடிந்த பிறகுதான் வந்தது. அழவில்லை. அழுதேன் என்று எழுதினால் நீயே நம்ப மாட்டாய்.

இப்போது டி.வி.யில் தெருவில் விற்கிறவர்களுக்கு வண்டி தருகிறார்கள், அட்டை தருகிறார்கள், கூரை போட்டுத் தருகிறார்கள் என்று காட்டுகிறார்கள். நல்லதுதான். என்னை யாரும் கேட்கப் போவதில்லை, கேட்டால் சொல்லுவேன். முதலில் வந்து கேளுங்கள். எல்லோரும் சொல்லி முடித்த பிறகு கடைசியாய் எழுந்திருக்கிறவள் சொல்வதையும் கேளுங்கள். அவள் கேட்டதைக் கட்டும்போது அது யார் சாக்கின் மேல் வருகிறது என்று குனிந்து பாருங்கள். நிழலில் இருந்தவளுக்கு நிழலிலேயே இடம் கொடுங்கள். தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று உள்ளே போகிறவளிடம் கேளுங்கள். இதற்கெல்லாம் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம்.

இன்று காலை பேரன் பெண்டாட்டி வெளியே நின்றாள். கையில் போன். நான் உள்ளே போய் உட்காருவதற்குள், "பாட்டி, ஆச்சா?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆச்சா பாட்டி?" என்றாள். நல்ல பெண்தான். நீ ஒரு நாளும் ஆச்சா என்று கேட்டதில்லை.

சந்து முனை போனது போனதுதான். அதை நான் விடப்போவதில்லை. நேரில் எதிர்ப்பட்டால் இன்றைக்கும் "நீங்க" என்றுதான் சொல்லுவேன். ஆனால் உள்ளே போய் உட்காரும்போது, வெளியே நிற்பது நீதான் என்று வைத்துக்கொண்டுதான் கதவிலிருந்து கையை எடுக்கிறேன்.