அரசர் தலையில் உன் சுருட்டை முடி

அன்புள்ள இடோனியா,

நான் நலம். நீயும் உன் அம்மாவும் சுகந்தானே?

லண்டன் நாணயச்சாலையில் அரசர் முகத்துக்குப் புது அச்சு வெட்டும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். போன வாரம் அதில் முதல் வெள்ளிக்காசை அடித்தோம். இரும்புச் சில்லு தெறித்துப் புருவத்தில் லேசாகக் கீறியது, ஆறிவிட்டது, பயப்படாதே.

நாணயச்சாலைத் தலைவர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பின்னாடி சிலுவை சரி. ராஜாவ நீ பாத்ததே இல்லையேடா ஹேமோ, இந்தச் சுருட்டை முடி யாரோடது?”

“என் பொண்டாட்டியோடதுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“ராஜாவுக்கு நல்லாத்தான் இருக்கு. இதையே அடிங்க.”

இனி நாடெங்கும் அரசரின் கிரீடத்துக்குக் கீழே உன் முடிதான்!

கண்ணில் விழும் தூசி துடைக்க, நீ கட்டிய முக்காட்டுத் துணி ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்பு.

கடிதம் கொண்டுவரும் வண்டிக்காரர் அவசரப்படுத்துகிறார்.

உன் ஹேமோ