மாப்பிள்ளை பந்தியில் உட்கார்ந்தால்

மதுரை, காளவாசல்.
ஈஸ்வர வருஷம், ஆவணி மாதம் 12.

மகாராஜராஜஸ்ரீ சம்பந்தி விருமாண்டி அவர்கள் சமூகத்துக்கு, சோற்றுக்கடை சின்னச்சாமி கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நானும், உங்களுக்குத் தங்கச்சி முறையான என் சம்சாரம் அன்னக்கொடியும் சுகம். கடைக்குத்தான் சுகமில்லை. அதற்கு மருந்து உங்கள் வீட்டில் இருப்பதால் இந்தக் கடிதம்.

என் மகள் செல்லத்தாயை இங்கே அனுப்பி, உங்கள் மகன் வெள்ளைத்துரையோடு குடித்தனம் வைக்கச் சொல்லி இரண்டு கடிதம் போட்டேன். கடலை எடுப்பு முடியட்டும் என்று ஒரு பதில். சோளம் அறுப்பு முடியட்டும் என்று இன்னொரு பதில். மூன்றாவதாக ஏதாவது விளைவதற்குள் இங்கே நடக்கிற கூத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மாப்பிள்ளைக்கு மில்லில் வேலை கிடைத்த நாள் முதலாய் மத்தியானச் சாப்பாடு நம் கடையில்தான். மாமனார் சோற்றுக்கடை வைத்திருக்க அவர் வேறெங்கே போவார்? எனக்கும் பெருமைதான். முதல் நாள் பெரிய இலையாகப் பார்த்துப் போட்டு, "வாங்க மாப்ள" என்று தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டேன். அந்தப் பெருமை குழம்பு வரும்வரைகூட நிற்கவில்லை. குழம்பு வரவேயில்லை.

நம் கடையில் சமைப்பதும் உங்கள் தங்கச்சி, பரிமாறுவதும் உங்கள் தங்கச்சி. நான் இலை போடுவேன், தண்ணீர் வைப்பேன், பேசுவேன். மருமகன் முன்னால் மாமியார் வந்து நிற்கிற வழக்கம் நமக்குக் கிடையாதே! மாப்பிள்ளை தலை வாசலில் தெரிந்ததும், கரண்டியைச் சட்டியிலேயே போட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடிவிடுகிறாள். மில் சங்கு ஊதியதும் பன்னிரண்டு பேர் ஒரே பந்தியாக உட்காருகிறார்கள். அத்தனை பேரும் வெறுஞ்சோற்றைப் பிசைந்துகொண்டு கொல்லைக் கதவையே பார்க்கிறார்கள். மாப்பிள்ளையோ நிதானமான மனுஷர். ஒவ்வொரு பருக்கையையும் குசலம் விசாரித்து உள்ளே அனுப்புகிறார். குறையாகச் சொல்லவில்லை, நல்ல வளர்ப்பு.

சரி, நாமே பரிமாறுவோம் என்று இறங்கினேன். மோர் என்று நினைத்து வடிகஞ்சியை ஊற்றிவிட்டேன். வண்டிக்காரர் பேயாண்டி குடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, மாட்டுத் தொட்டிக்கு ஊத்துறத எனக்கு ஊத்திட்டீக. மாடு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார்.

பிறகு அடுப்படிக்குக் குறுக்கே சாக்குப்படுதா கட்டினேன். அவள் உள்ளே நின்று கையை மட்டும் நீட்டினாள். ரசம் ஒரு குமாஸ்தாவின் மடியில் இறங்கியது. கடைக்கு 'பேய்ப் பந்தி' என்று பெயர் வந்து, கூட்டம் குறைந்ததுதான் மிச்சம். செல்லத்தாய் வந்து மாப்பிள்ளைக்கு வீட்டிலேயே பொங்கிப் போட்டாலொழிய இதற்கு விமோசனம் இல்லை.

கடைசியில் மாப்பிள்ளையிடமே, பந்தி எழுந்த பிறகு வந்தால் சாவகாசமாகச் சாப்பிடலாமே என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். மூன்று நாள் அவர் வரவில்லை. மில் வாசலில் கூடைக்காரியிடம் வாங்கிச் சாப்பிடுகிறார் என்று சேதி வந்ததும், உங்கள் தங்கச்சி என்னைப் பிடித்த பிடி! "ஊருக்கெல்லாம் பொங்கிப் போடுறேன், எம் மருமகன் தெருவுல நின்னு திங்கிறாரு. கால்ல விழுந்தாவது கூட்டியாங்க" என்றாள். போனேன். காலில் விழவில்லை. கொஞ்சம் குனிந்தேன், இடுப்புப் பிடித்துக்கொண்டது. பார்த்தவர்களுக்கு விழுந்த மாதிரிதான் தெரிந்திருக்கும்.

மறுபடி வந்தார். போன செவ்வாய்க்கிழமை கருவாட்டுக் குழம்பில் கை வைத்தவர், வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். "என்ன மாப்ள, உப்புக் கூடிருச்சா?" என்று கேட்டேன். "இல்ல மாமா. இதுன்னா அதுக்கு உசுரு" என்றார். செல்லத்தாயைத்தான் சொன்னார்.

படுதா விலகியது. உங்கள் தங்கச்சி கரண்டியோடு பந்தி நடுவே வந்தாள். கல்யாணமாகி இந்த இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மருமகனுக்கு நேரே நின்று, "எம் மகளுக்கு அங்க வயித்துக்குச் சோறு போடுறாகளா?" என்று கேட்டாள். கேட்கக் கூடாததுதான். கேட்டுவிட்டாள்.

மாப்பிள்ளை இலையை மூடிவிட்டு எழுந்தார். கை கழுவுகிற இடத்தில் என்னிடம் மட்டும், "நீங்களே எங்கய்யாவுக்கு எழுதுங்க மாமா. நான் சொன்னா எடுபடாது" என்றார். என்ன எழுத வேண்டும் என்று எனக்கு விளங்கிவிட்டது.

அன்றிலிருந்து உங்கள் தங்கச்சி ஓடுவதில்லை. மருமகனுக்கும் அவளே பரிமாறுகிறாள். கூட்டம் திரும்பிவிட்டது. ஆகையால் கடையைச் சாக்குச் சொல்லி மகளைக் கேட்க எனக்கு இப்போது வழியில்லை. ஆனால் பந்தி முடிந்து அவளுக்கு நான் இலை போட்டால், அவள் உட்கார மாட்டேன் என்கிறாள். செவ்வாயிலிருந்து வெறும் நீராகாரம்தான்.

சம்பந்தி, நான் பெண்ணைக் கொடுத்தவன். உங்களைக் கேள்வி கேட்க எனக்கு வாய் கிடையாது. வருகிற வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் உங்கள் ஊருக்கு வந்து செல்லத்தாயை அழைத்துக்கொள்கிறேன். எனக்காகக் கோழி அடிக்க வேண்டாம், உலை வைக்க வேண்டாம். நான் வந்து சேரும்போது அவள் இலைமுன் உட்கார்ந்திருந்தால் போதும். அவசரப்படுத்தாதீர்கள், வயிறாரச் சாப்பிடட்டும். எம்புட்டு நேரமானாலும் வாசலில் நிற்கிறேன்.

உங்கள் குதிர் என்றைக்கும் நிறைந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்ற
சின்னச்சாமி