கடலுக்குள் போன லீஸ் வீடு

மாலாவின் அப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை மாலாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ஜோகுபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினேன். வழியில் பெட்ரோல் போட நிறுத்தினாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் இறங்கிப் போய்ச் சாலையோரமாக நின்றுகொண்டேன். "என்னம்மா, தலை சுத்துதா?" என்று கேட்டாள். இல்லை, உன் அப்பா ஞாபகம் வந்துவிட்டது என்று சொல்லவில்லை.

உங்களுக்கு அந்த வாசனை பிடிக்கும். பஸ்ஸில் போகும்போது பங்க்கைத் தாண்டினால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இது நம்ம சரக்குடி" என்பீர்கள். ஒரு சொட்டு எண்ணெய் எடுக்காத கம்பெனியின் பங்குகளை வாங்கி வைத்துக்கொண்டு, ஊரில் ஓடுகிற வண்டிக்கெல்லாம் நீங்கள்தான் பெட்ரோல் ஊற்றுகிற மாதிரி நினைப்பு. எனக்கு வயிறு எரியும். இன்றைக்கும் எரிகிறது. போய்ச் சேர்ந்தவர்கள் மேல் கோபப்படக் கூடாதாம். இருந்தபோது எங்கே கோபப்பட விட்டீர்கள்? நான் வாயைத் திறந்தால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள். இப்போது சிரிக்க முடியாதல்லவா, கேளுங்கள்.

ஜோகுபாளையத்தில் நாம் மாதாமாதம் வாடகை கொடுத்ததே இல்லை. கல்யாணமான புதிதில் என் அம்மா போட்ட நகையை விற்று, உங்கள் ஃபேக்டரி சொசைட்டியில் கடன் வாங்கி, மொத்தமாக ஒரு தொகையை லீஸுக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தோம். காலி பண்ணும்போது தொகை அப்படியே கைக்கு வரும், அதைத் தூக்கி அடுத்த வீட்டு ஓனரிடம் கொடுக்க வேண்டும். பெங்களூரில் நம்மைப் போன்றவர்களுக்குச் சொந்த வீடு என்றால் அந்தத் தொகைதான். ஓனர் வீட்டை இடித்து மாடி கட்டப் போகிறேன் என்றபோது நமக்குப் பெரிய கவலை ஒன்றும் இல்லை. பின் தெருவிலேயே வேறு வீடு பார்த்துப் பேசி முடித்தாயிற்று. அங்கே இருந்தவர்கள் காலி பண்ண ஒரு மாதம் கேட்டார்கள். நம் ஓனரும் நல்ல மனுஷர், பணத்தை முன்னாலேயே கொடுத்துவிட்டு, அதுவரை இருங்கள் என்றார். பணம் உங்கள் கையில் சும்மா கிடந்தது அந்த ஒரு மாதம்தான்.

அதற்குள் தெருமுனையில் செல்வராஜின் எஸ்.டி.டி. பூத் பங்குச் சந்தையாக மாறியிருந்தது. கிழக்குக் கடலில் குழாய் இறக்கி எண்ணெய் தேடுகிற ஒரு கம்பெனியைப் பற்றித்தான் பேச்செல்லாம். செல்வராஜின் மச்சான் அந்தக் கடல் மேடையில் சமையல் வேலை பார்த்தான். கரைக்கு வந்தால் பூத்துக்கு போன் போடுவான். கம்பெனி முதலாளிக்கே தெரியாத ரகசியம் நமக்குத் தெரியும் என்று அத்தனை பேருக்கும் பெருமை. ஒருநாள் அவன் சொன்னானாம், மேடையில் எல்லாருக்கும் பிரியாணி போடச் சொன்னார்கள், பெரிய அதிகாரிகள்கூடச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று. எண்ணெய் கிடைக்காமல் எவனாவது பிரியாணி போடுவானா என்று நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள். ஃபேக்டரியில் ஒரு நூல் தடிமன் கூடினால்கூட பீஸை ஓரமாக ஒதுக்கி வைக்கிற ஃபிட்டர் நீங்கள். பிரியாணியை மட்டும் அளந்து பார்க்கவில்லை.

மறுநாள் சிவாஜி நகரில் ஒரு மாடியில் இருந்த பங்கு புரோக்கரிடம் போய் லீஸ் பணம் பூராவையும் கொட்டிவிட்டு வந்தீர்கள். எனக்குத் தெரியாது. புது வீட்டு ஓனரம்மா வாசலில் வந்து நின்று "துட்டு யாவாகம்மா?" என்று, பணம் எப்போது வரும் எனக் கன்னடத்தில் கேட்டபோதுதான் தெரிந்தது. உள்ளே வந்து உங்களைக் கேட்டேன்.

"ரெண்டே வாரம். அந்தம்மா கிட்ட நான் பேசிக்கிறேன், நீ சும்மா இரு."

"வூட்டுப் பணங்க அது! குடியிருக்க வெச்சிருந்தது!"

"குடியிருக்க இனிமே லீஸே வேணாம்டி. சொந்தமாவே வாங்கலாம். கடல் ஏமாத்தாது."

கடல் ஏமாற்றவில்லை, அதுவரை சரி. கோட்டு போட்டவர்கள்தான் ஏமாற்றினார்கள். பேப்பரில் முழுப் பக்கத்துக்கு மேடையின் படம், நெருப்பு பறக்கிற குழாய், சிரிக்கிற சேர்மன். அடியில் எறும்பு ஊர்கிற மாதிரி இங்கிலீஷில், இதில் பணம் போடுவது ஆபத்து என்று எழுதியிருந்ததாம். பிற்பாடு கேட்டால் அதைத்தான் காட்டினார்கள், நாங்கள்தான் சொல்லிவிட்டோமே என்று. எண்ணெய் என்பதைச் சுவர் அகலத்துக்குப் போட்டவனுக்கு ஆபத்து என்பதை எழுதும்போது மட்டும் மை தீர்ந்துவிட்டது. விலை ஏறினாலும் இறங்கினாலும் புரோக்கருக்குக் கமிஷன் வந்தது. படித்தவர்கள் நம்மைப் பார்த்துப் பேராசை என்றார்கள். உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்ள ஒரு கதவு வேண்டும் என்பது பேராசை என்றால் எனக்கு இருந்தது, நான் மறுக்கவில்லை.

அநியாயம் என்னவென்றால், விலை ஏறவும் செய்தது. பிரியாணிச் செய்தி நம் தெருவோடு நிற்கவில்லை போலிருக்கிறது. நான் கெஞ்சினேன். வீட்டுப் பணத்தை மட்டும் எடுத்துவிடுங்கள், மீதியை வைத்து என்ன ஆட்டம் வேண்டுமானாலும் ஆடுங்கள் என்றேன். ஒரு காலையில் மனசு இறங்கி, "சரி, வா, வித்துட்டு வந்துடலாம்" என்று சட்டை மாட்டினீர்கள். எனக்கு அன்றைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. உங்களோடு சிவாஜி நகர் வரை வருவதாகப் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

பூத் வாசலில் தெருவே நின்றுகொண்டிருந்தது. நீங்கள் வாங்கினீர்கள் என்பதற்காக வாங்கியவர்கள் எல்லாரும். விற்கிற அன்றைக்கு அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் விற்பதாக வாக்குக் கொடுத்திருந்தீர்கள், எனக்குக் கொடுத்த வாக்கெல்லாம் உங்களுக்கு ஞாபகம் இல்லை. துணி தேய்க்கிற கண்ணம்மா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள். வளையலை அடகு வைத்து வாங்கியிருந்தாள் அவள். கையில் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

"அண்ணா, விக்கப் போறீங்களா?"

நீங்கள் அவளைப் பார்த்தீர்கள், என்னைப் பார்க்கவில்லை. "இல்லம்மா. நான் வெச்சிருக்கேன். நீ எதுக்கு பயப்படற?"

சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தீர்கள். நான் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு உங்கள் பின்னால் நடந்து வந்தேன்.

அடுத்த வாரம் பேப்பரில் ஒரு மூலையில் வந்தது, கிணற்றில் எடுக்கும் அளவுக்கு எண்ணெய் இல்லை என்று. பிரியாணி, வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்புகிறவர்களுக்கு வைத்த விருந்து. செல்வராஜின் மச்சானுக்கே அது பிறகுதான் தெரியும். அதற்குப் பிறகு அந்தப் பங்கைச் சீண்ட ஆள் இல்லை. ஓனரம்மா வேறு குடும்பத்தை வைத்துவிட்டார். நம் பழைய வீட்டில் கடப்பாறை போட ஆள் வந்தாயிற்று. ஸ்ரீராம்புரத்தில் உங்கள் தங்கச்சியின் ஒற்றை அறை வீட்டில் போய் விழுந்தோம். "ஸ்வல்பம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க அண்ணி" என்றாள். பாவம், அவள்தான் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டாள். மாலா எஸ்.எஸ்.எல்.சி.க்கு மாடிப்படியில் உட்கார்ந்து படித்தாள், ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் எழுந்து வழி விட்டுக்கொண்டு. நீங்கள் அந்தப் படியைத் தாண்டித்தான் தினமும் உள்ளே வந்து, "மூணாவது கிணறு தோண்டப் போறாங்களாம்" என்றீர்கள்.

நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போய் உயிரில்லாமல் திரும்பி வந்தபோது, உங்களைக் கிடத்த நமக்கென்று ஒரு வாசல் இல்லை. அந்தச் சந்தில், பக்கத்து வீட்டுக்காரர்கள் சைக்கிளை நகர்த்திக் கொடுத்த இடத்தில் பெஞ்சு போட்டார்கள். செல்வராஜ் என் காலடியில் உட்கார்ந்து அழுதான். "அண்ணன் நெனச்சிருந்தா அன்னிக்கே வித்துட்டுப் போயிருக்கலாம் அண்ணி. எங்களுக்காக நின்னாரு." ஜோகுபாளையம் முழுக்க அதையே சொன்னது. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. தெருவுக்கு நல்லவர், வீட்டுக்கு? ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பேச்சு எனக்கு ஒரு பிடிமானமாக இருந்தது. கண்ணம்மாவின் வெறும் கையைப் பார்த்து மனசு கேட்காமல் நின்ற மனுஷனோடுதான் குடித்தனம் பண்ணினேன் என்று நினைத்துக்கொள்வேன். அப்புறம் நானும் மாலாவும் குடிபோன பொம்மனஹள்ளி வீட்டுக்கு ஒவ்வொரு மாதமும் வாடகையை எண்ணிக் கொடுக்கும்போது அதை நினைத்துத்தான் உங்களைத் திட்டாமல் இருப்பேன்.

கல்யாண மண்டபத்தில் கண்ணம்மாவைப் பார்த்தேன். தலை பூராவும் நரைத்திருந்தது. கையில் வளையல் இருந்தது. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"அண்ணன் புண்ணியத்துல தான் இத மீட்டேன் அக்கா. அன்னிக்கு வெச்சிருக்கேன்னு சொன்னாரே, அப்போ அவரு மூஞ்சியே சரியில்ல. எனக்கு பயம் வந்துடுச்சி. மத்தியானமே ஓடிப்போயி வித்துட்டேன்."

என் கையை விடுவித்துக்கொண்டு கேட்டேன். "அவருக்குத் தெரியுமா?"

"சாயங்காலமே சொன்னேனே. நீங்களும் வித்துடுங்கண்ணான்னேன். சிரிச்சாரு. 'வித்தத யார்கிட்டயும் சொல்லாத, எல்லாரும் வித்தா வெல வுழுந்துடும். நான் டபுள் ஆனப்புறம் தான் விப்பேன்'னாரு."

அவள் அதை உங்கள் பெருமையாகத்தான் சொன்னாள். எனக்கு இலையில் உட்காரப் பிடிக்கவில்லை.

ஆக, யாருக்காகவும் நீங்கள் நிற்கவில்லை. அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகும் விலை இருந்தது, புரோக்கர் இருந்தான், பின் தெரு வீடு பூட்டு தொங்க நமக்காகக் காத்திருந்தது. கண்ணம்மாவுக்குத் தெரிந்ததை எனக்குச் சொல்லியிருந்தால் உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பேன், அதனால்தான் சொல்லவில்லை. செல்வராஜிடமும் சொல்லவில்லை. அவனும் மொத்தத்தையும் தொலைத்தான். அப்புறம் உங்களை நல்லவர் என்று சொல்லி அழுதான். நானும் இத்தனை வருடம் அதை நம்பிக்கொண்டு வாயை மூடி வாடகை கட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் மாலா ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். "அந்தக்கா உன் கையப் புடிச்சிகிட்டு அப்படி அழுதாங்களே, என்னம்மா சொன்னாங்க?"

உங்கள் பெண் மாடிப்படியில் படித்ததைப் பற்றி இன்றுவரை ஒரு குறை சொன்னதில்லை. அப்பா ஊருக்காக நின்றார் என்று கட்டிக்கப் போகிறவனிடம்கூடச் சொல்லி வைத்திருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்தேன்.

"உங்கப்பாவ மாதிரி மனுஷன் கெடையாதுன்னு சொன்னாங்க" என்றேன்.

"எனக்குத் தெரியுமே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

உங்களுக்காக நான் சொன்ன பொய் அது. அவளுக்கு அந்த அப்பா இருந்துவிட்டுப் போகட்டும். நீங்கள் யார் என்று தெரிந்தவள் இனி நான் ஒருத்திதான், உங்களை நான் மன்னிக்கவில்லை.

இப்படிக்கு,
மாலாவின் அம்மா